ஞாயிறு கேட்ட சுவிசேஷம் திங்கட்கிழமை கடையில் எங்கே இறங்கும்?

கடைவீதி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடிப் பக்கம் சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் மாறி மாறிக் கல்லாவில் இருப்போம். வேலைக்கு ரெண்டு பேர். சபைக்குத் தவறாமல் போகிற குடும்பம்தான்.

சுவிசேஷம் நம் வாழ்க்கையை மாற்றணும் என்று வாராவாரம் கேட்கிறோம். ஷட்டரைத் தூக்கின பிறகு அது எந்த இடத்தில் வந்து உட்காரும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எடை, விலை, பற்று நோட்டு, வேலையாள் சம்பளம், இதிலெல்லாம் என்ன மாறணும்? பத்தில் ஒரு பங்கு காணிக்கையான தசமபாகத்தை விற்பனையில் எடுப்பதா, லாபத்தில் எடுப்பதா? ராத்திரி குடும்ப ஜெபம் என்றாலே பிள்ளைகள் முகம் சுருங்குது, அதை எப்படி நடத்துவது? இன்னொன்று, "தேவன் உன்மேல் வைத்திருக்கிற நோக்கம்" என்கிறார்களே, பருப்பு நிறுத்துக் கொடுப்பது அதில் சேருமா? இல்லை, கடையை மூடிவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் சேருமா?

"நல்லா ஜெபம் பண்ணுங்க" என்ற பதில் வேண்டாம், அது நடந்துகொண்டுதான் இருக்கு. கையில் எடுத்துச் செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

பாளை_வேதபாடம் எழுதியது:

சிஸ்டர், என்ன செய்வது என்று பார்க்கும் முன்னால் எது முதலில், எது பிறகு என்பதைச் சரி பண்ணிக்கொள்ளுங்கள். இது தலைகீழாகப் போவதால்தான் பல வீடுகளில் ஜனவரியில் எடுத்த தீர்மானம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வருவதற்குள் நின்றுபோகிறது.

கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். 1 கொரிந்தியர் 15:3-4 சுவிசேஷத்தை இவ்வளவில் முடிக்கிறது. நாம் செய்யவேண்டியது என்று அதில் ஒன்றுமே இல்லை. எபேசியர் 2-ல் 8, 9 வசனங்கள் கிருபையைச் சொல்லி முடித்த பிறகுதான் 10-ம் வசனத்தில் நற்கிரியை வருகிறது. ரோமர் நிருபம் பதினொரு அதிகாரம் தேவன் செய்ததைச் சொல்லிவிட்டு 12-ல் "அப்படியிருக்க" என்று நம் பக்கம் திரும்புகிறது. பத்துக் கற்பனைகளும் அப்படித்தான். எகிப்திலிருந்து விடுவித்த செய்தி முன்னால், கட்டளை பின்னால்.

இந்த வரிசை மாறினால் ரெண்டு கோளாறு வரும். சரியாக நடந்த வாரத்தில் பக்கத்துக் கடை அண்ணாச்சியை இளக்காரமாகப் பார்க்கத் தோன்றும். தவறின வாரத்தில் திருவிருந்துக்கு எழுந்து போகக் கூசும். ரெண்டுக்கும் வேர் ஒன்றே: நடத்தையைக் கொடுத்து தேவனிடம் இடம் வாங்கப் பார்ப்பது.

லூக்கா 19-ல் வரி வசூலிக்கிற ஆயக்காரன் சகேயுவைப் பாருங்கள். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுக்கு நாலத்தனை என்று அவன் சொல்வது இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகு. வருகிறதற்கு அவர் எந்த நிபந்தனையும் போடவில்லை.

கடையில் இதை எப்படி உபயோகிப்பது? ஏதாவது தவறு நடந்தால் எந்த விதியை மீறினோம் என்பதோடு நிற்காமல், எதற்குப் பயந்து செய்தோம் என்றும் கேளுங்கள். எடையில் 20 கிராம் குறைகிற இடத்தில் பேராசையைவிடப் பயம்தான் அதிகம் இருக்கும். டீலருக்குக் கட்டவேண்டிய பாக்கி, புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ். மத்தேயு 6:31-33 பேசுவது அந்தப் பயத்தோடுதான். பயத்தைத் தொடாமல் தராசை மட்டும் திருத்தினால் அது சம்பளத்திலோ விலையிலோ வேறு வாசல் வழியாக வெளியே வரும்.

நிறைகல் எழுதியது:

வேதபாடம் அண்ணன் சொன்ன வரிசை தராசைப் பற்றின வசனத்திலேயே இருக்கிறது. லேவியராகமம் 19:35-36. அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே, சுமுத்திரையான, அதாவது சரியான, தராசும் நிறைகல்லும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, "உங்களை எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உங்கள் தேவனாகிய கர்த்தர்" என்று முடிகிறது. மளிகைக் கடைக்கு எழுதின மாதிரியே இருக்கும். ஆகவே எடையில் தொடங்குங்கள்.

எலக்ட்ரானிக் தராசைச் சோதித்து வருஷத்துக்கு ஒரு தடவை அரசு முத்திரை போடணும். இரும்புப் படிக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. முத்திரை இருந்தால் மட்டும் போதாது. தினம் காலையில் தட்டைத் துடைத்து, தராசின் நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். முத்திரை போட்ட 1 கிலோ கல்லைத் தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் அடியிலுள்ள, எடையை உணர்கிற லோடு செல்லில் கோளாறு. மேலே மின்விசிறி ஓடினாலும் எண் ஆடும், குறிப்பாக 50 கிராம், 100 கிராம் நிறுக்கும்போது. தராசை விசிறிக்கு நேரே வைக்காதீர்கள்.

பெரும்பாலான இடத்தில் எடை குறைவது பொய்த் தராசினால் அல்ல, பையினால். காகிதப் பை 5 கிராம் இருக்கும். ஒரு கிலோ சீனியில் அது அரை சதவீதம், 100 கிராம் மிளகில் 5 சதவீதம். விலை கூடின சாமானில்தான் பை அதிகம் தின்கிறது. முதலில் வெறும் பையை வைத்து, அதன் எடையைக் கழிக்கிற டேர் பட்டனை அமுக்கிவிட்டு நிறுங்கள். அவசரத்தில் வேலையாள் இதை விட்டுவிடுவார். "கவனமாயிரு" என்று சொல்வதைவிட, பை அடுக்கைத் தராசுக்கு இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் மாற்றி வைத்தால் பழக்கம் தானாக வரும்.

முன்கூட்டியே பொட்டலம் போட்டு வைக்கிற புளி, வெல்லம் ஈரம் காய்ந்து எடை குறையும். இதில் யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் வாங்குகிறவருக்குக் குறைவுதான். ஒரு வாரத்துக்கு ஓடுகிற அளவே போடுங்கள், பழைய பொட்டலத்தில் ரெண்டை எடுத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

விலையில், குளிர்பானத்துக்கு "கூலிங் சார்ஜ்" என்று அச்சிட்ட விலைக்கு மேல் 2 ரூபாய் வாங்குவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. சட்டப்படியும் தப்பு. ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் குளிர்பானம் வைக்காமல் இருப்பது நேர்மையான வழி. காலாவதித் தேதி நெருங்கின சாமானை முன்வரிசையில் வைத்து, தேதியைக் காட்டி, விலை குறைத்து விற்கலாம். தேதி தாண்டினதை "தர்மத்துக்கு" என்று எடுத்து வைப்பதைச் சில இடங்களில் பார்க்கலாம். குருடும் முடமுமான ஆட்டைப் பலியாகக் கொண்டுவந்தவர்களிடம், அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார் என்று மல்கியா 1:8 கேட்கிறது.

பற்று நோட்டு தனிக் கதை. ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டி வேண்டாம் என்பது யாத்திராகமம் 22:25. பேருக்கு வட்டி இருக்காது, கடனுக்கு வாங்குகிறவர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் ஏற்றின விலை இருக்கும். அதுவும் வட்டிதான். ரொக்கத்துக்கும் பற்றுக்கும் ஒரே விலை வையுங்கள். ரெண்டு நோட்டு வேண்டும், ஒன்று அவர்கள் கையில். சாமான் பேர், எடை, விலை மூன்றையும் அவர்கள் முன்னால் எழுதுங்கள். வெறும் தொகை எழுதினால் மாதக் கடைசியில் சண்டை. மொத்தப் பற்றுக்கு ஒரு வரம்பும் வேண்டும்: வராமலே போனாலும் டீலர் பாக்கி தள்ளிப்போகாத அளவு. இந்த வரம்பு இல்லாமல் இரக்கப்பட்டுக் கொடுத்த கடைகள் மூடிப்போயிருக்கின்றன. அப்புறம் அந்தத் தெருவில் கடன் கொடுக்க ஆளே இருப்பதில்லை. வருஷக் கடைசியில் நோட்டைப் பிரித்து, சம்பாதிக்கிறவர் இறந்த வீடு, வேலை போன வீடு எது என்று பார்த்து, முடிந்ததை அடித்துவிடுங்கள். அடித்ததை அவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். சபையில் சாட்சியாகச் சொன்னால் அவர்கள் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

வேலையாட்கள். சம்பளத் தேதியை முதலில் நிலையாக்குங்கள். கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. மாதச் சம்பளத்தில் அதற்கு அர்த்தம், சொன்ன தேதி தாண்டக்கூடாது, "வியாபாரம் டல்" என்று சாக்குச் சொல்லக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை சட்டம். உட்கார இருக்கை கொடுப்பதும் 2021-லிருந்து தமிழ்நாட்டில் சட்டம். ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் பெரிய செலவில்லை. ஆனால் முதலாளி பார்க்கிறார் என்று அவர்கள் உட்காரத் தயங்குவார்கள், நீங்கள் வாய் திறந்து சொல்லணும்.

ஏற்கெனவே தவறு நடந்திருந்தால்? எண்ணாகமம் 5:7-8-ல் முறை இருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்றால் அது கர்த்தருக்குரியது. யார் என்று தெரிந்தால் அவரிடம் போய்க் கொடுங்கள், 1,000 ரூபாய்க்கு 1,200. தெரியாத வாடிக்கையாளர்களுக்கு, உத்தேசத் தொகையை அதே ஊர் ஏழைகளுக்குப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். சபைக் கட்டட நிதிக்குக் கொடுத்துப் பேர் வாங்குவது இதில் சேராது.

மாலைமணி எழுதியது:

குடும்ப ஜெபம் பற்றி. பிள்ளைகள் முகம் சுருங்குகிறது என்றால் பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒன்று நீளம். இன்னொன்று, அன்றைக்கு அவர்கள் செய்த தப்பு அப்பாவின் ஜெபத்துக்குள் வந்துவிடுகிறது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் படிக்கிற ஞானத்தைத் தாரும், செல்போன் ஆவியிலிருந்து விடுதலை தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு திட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதை நேராகப் பேசுங்கள், வேறு நேரத்தில்.

12 நிமிஷம் போதும். பாமாலையிலோ கீர்த்தனையிலோ ஒரு பாட்டில் ரெண்டு சரணம். வேதத்தில் 10-லிருந்து 15 வசனம். ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்தில் ஜெபம், விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம். எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். அவ்வளவுதான், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இன்னும் பேசணும் என்று பிள்ளைகளே கேட்டால் அது வேறு.

எங்கே தொடங்குவது என்றால் மாற்கு. 16 அதிகாரம், இந்த அளவில் வாசித்தால் ஏறக்குறைய ரெண்டு மாதத்தில் முடியும். கேள்வியை "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்" என்று கேட்காதீர்கள், எல்லாப் பதிலும் "கீழ்ப்படியணும்" என்றே வரும். "இங்கே இயேசு யாரைப் பார்த்தார், என்ன செய்தார்" என்று கேளுங்கள். வேதபாடம் அண்ணன் சொன்ன செய்தி அந்தக் கேள்வி வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எரேமியா 29:11 சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 5-ம் வசனம் வீடு கட்டு, தோட்டம் நாட்டு என்கிறது, 7-ம் வசனம் நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு என்கிறது. ஒட்டுவதானால் 4-லிருந்து 11 வரை எழுதி ஒட்டுங்கள்.

காலையில் நேரமே இல்லாத வீட்டுக்கு சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசம் என்ற போதனைப் புத்தகத்தில் சொன்ன முறை இன்றைக்கும் பொருந்தும்: எழுந்ததும் விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஒரு சின்ன ஜெபம், பிறகு ஒரு பாட்டோடு சந்தோஷமாக வேலைக்குப் போ. மூன்று நிமிஷம்தான். ஷட்டரைத் திறக்கும் முன் நீங்களும் வீட்டுக்காரரும் நின்றுகொண்டே செய்யலாம். வேலையாட்களைக் கட்டாயமாக நிற்க வைக்காதீர்கள், அவர்கள் வேறு மதமாக இருந்தால் கூப்பிடவே வேண்டாம். சம்பளம் கொடுக்கிறவர் கூப்பிட்டால் அவர்களுக்கு மறுக்க வழி இல்லை.

கைப்பிடி எழுதியது:

தசமபாகம் விற்பனையில் அல்ல, லாபத்தில். மாதம் 4 லட்சம் விற்று, வாடகை, கரண்ட், சம்பளம் போக 35,000 நிற்கிற கடையில் விற்பனைக்குப் பத்தில் ஒன்று என்றால் 40,000 ஆகிறது. கையில் நிற்பதைவிட அதிகம். இப்படிக் கேட்கிற பிரசங்கியார் கடை வைத்ததில்லை.

ஆனால் லாபத்தைச் சரியாகக் கணக்குப் பண்ணணும். வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து எடுக்கிற அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் உங்கள் வருமானம்தான். அதற்கு ஒரு நோட்டுப் போட்டு வாங்கின விலைக்கு எழுதுங்கள். எழுதாத வீட்டில் லாபம் எப்போதும் குறைவாகவே தெரியும், காணிக்கையும் குறையும்.

1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் சொல்கிற முறை எளிது: வாரத்தின் முதல்நாளில், வரவுக்குத் தக்கதாய், தன்னிடத்தில் சேர்த்து வை. கல்லாவிலிருந்து எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் மிச்சத்தில் கொடுக்கலாம் என்றால் மிச்சமே இருக்காது. நம் திருநெல்வேலிச் சபைகளில் அம்மாமார் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டது இதே கணக்கு. மிசோரத்தில் 1910-ல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் நடக்கிறது. சமைக்கும் முன் எடுக்கிறதால்தான் அது நிற்கிறது.

வடக்குத்தெரு எழுதியது:

கைப்பிடி சொன்ன முறை சரி, ஆனால் பத்து சதவீதத்தைச் சட்டமாக்கினதோடு எனக்கு உடன்பாடில்லை. புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்கு எந்த நிருபமும் தசமபாகத்தைக் கட்டளையிடவில்லை. 2 கொரிந்தியர் 9:7 அவனவன் தன் மனதில் நியமித்தபடி என்கிறது, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. நாள் கூலி 400 வாங்குகிறவரிடம் 40 எடுத்தால் அன்றைக்குப் பால் இல்லை. மாதம் 3 லட்சம் வருகிறவருக்கு 30,000 போனால் உறைக்கவே உறைக்காது. ஒரே எண் ரெண்டு பேருக்கும் ஒரே பாரம் அல்ல.

இதற்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் எழுதின கணக்கு உதவும். ஆக்ஸ்ஃபோர்டு மெதடிஸ்டுகளில் ஒருவருக்கு வருஷ வருமானம் 30 பவுண்டு. 28-ல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அதே 28-ல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. அவர் நிலையாக வைத்தது செலவை, சதவீதத்தை அல்ல. உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு போதும் என்று ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தொகை எழுதுங்கள், வைத்தியம், படிப்பு, கடன் தவணை எல்லாம் சேர்த்து. வியாபாரம் கூடும்போது அந்த எண் தானாகக் கூடாமல் பார்ப்பதுதான் கஷ்டம்.

மல்கியா 3:10-ஐ வைத்து, கொடுத்தால் வானத்தின் பலகணி திறக்கும் என்று சீட்டுக் கம்பெனி மாதிரி பேசுகிறவர்களிடம் போகாதீர்கள். கந்துவட்டிக் கடன் இருந்தால் அதை அடைப்பது முதல் வேலை. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுவது விசுவாசம் இல்லை.

கைப்பிடி எழுதியது:

சட்டம் என்று நான் சொல்லவில்லை அண்ணன். ஒன்றுமே கொடுத்துப் பழகாத வீட்டுக்குப் பத்து ஒரு தொடக்கம், அவ்வளவுதான். உபாகமம் 14-ஐ வாசித்தால் தசமபாகத்தில் குடும்பத்தோடு சாப்பிடுகிற விருந்தும் இருக்கு, மூன்றாம் வருஷத்தில் ஆலயப் பணி செய்கிற லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிடுகிற பங்கும் இருக்கு. எல்லாவற்றையும் பாஸ்டர் பையில் போடு என்று அங்கே இல்லை. செலவை நிலையாக வைக்கிற யோசனை நல்லது, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தேங்காயை 5,000-க்கு ஏலம் எடுத்துவிட்டு, அதே வாரம் கடைப் பையனுக்கு 500 ரூபாய் அட்வான்ஸ் இல்லை என்று சொன்னால் அந்தப் பையன் எதை நம்புவான்?

கூடாரத்தொழில் எழுதியது:

நோக்கத்தைப் பற்றின கேள்விக்கு யாரும் வரவில்லையே. லூக்கா 3:10-14-ஐ எடுங்கள். மனந்திரும்பினவர்கள் யோவான் ஸ்நானனிடம் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார்கள். ரெண்டு அங்கி வைத்திருக்கிறவன் ஒன்றைக் கொடு. ஆயக்காரன் விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகன் ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, சம்பளமே போதும் என்று இரு. ஆயக்காரனிடம்கூட அந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வா என்று அவர் சொல்லவில்லை. பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணினார், அப்போஸ்தலர் 18:3. கூடாரம் பண்ணின நாட்களிலும் அவர் அப்போஸ்தலர்தான்.

அதனால் பருப்பு நிறுப்பது சேரும். ஊருக்குச் சாப்பாடு சரியான எடையில், கலப்படமில்லாமல், கட்டுப்படியாகிற விலையில் போய்ச் சேருவது எரேமியா 29:7 சொல்கிற பட்டணத்தின் சமாதானத்தில் ஒரு துண்டு. முழுநேர ஊழியம் ஒரு அழைப்பு. சபை உங்களிடம் அந்த வரத்தைப் பார்த்துச் சொல்லும், பிறகு யோசிக்கலாம். கடையில் நஷ்டம், அதனால் ஊழியத்துக்குப் போகிறேன் என்பது அழைப்பில் சேராது.

ஒரு எச்சரிக்கை. கொலோசெயர் 3:23, எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற வசனத்தை வேலையாட்கள் பார்க்கும்படி முதலாளிகள் மாட்டுகிறார்கள். அது அடிமைகளாக இருந்தவர்களுக்கு, மனுஷ எஜமானுக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலாக எழுதினது. முதலாளிக்கான வசனம் அதற்கு மூன்று வசனம் தள்ளி 4:1: நீதியும் செவ்வையுமானதைக் கொடு, உனக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார். கல்லாவில் உட்காருகிறவர் கண்ணில் படும்படி மாட்டவேண்டியது அது.

ஒரே_பந்தி எழுதியது:

எல்லாரும் தராசையும் டப்பாவையும் பேசினீர்கள். சுவிசேஷத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்று புதிய ஏற்பாட்டில் ஒருவரை முகத்துக்கு முன்னால் கண்டிக்கிற இடம் எது? கலாத்தியர் 2:11-14. அங்கே பிரச்சினை சாப்பாட்டுப் பந்தி. யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகினான். பவுல் அதை நாகரிகக் குறைவு என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற நடை இல்லை என்றான்.

நம் ஊரில் இதைச் சுற்றிச் சுற்றிப் பேசுவோம், தொட மாட்டோம். 1833-லேயே ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக நிற்கணும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்த்து வெளியேறினவர்கள் உண்டு. அது பழைய கதை என்றால் இன்றைக்குக் கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களைப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே சாதிப் பேர் வரும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டமும் தனித்தனி.

கடையில் செய்யவேண்டியது கண்ணுக்குத் தெரிகிற சின்னச் சின்ன விஷயம். வேலையாட்களுக்கும் உங்களுக்கும் ஒரே வகை டம்ளர், ஒரே இடத்தில் கழுவி வைப்பது. மத்தியானச் சாப்பாடு அவர்களோடு, அதே நேரத்தில். வாடிக்கையாளர் வயதில் பெரியவர் என்றால் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் "வாங்க", "என்ன வேணும்" தான். "வா", "போ" என்பது தெருவைப் பார்த்து வரக்கூடாது. சில்லறையைக் கையில் கொடுங்கள், மேசையில் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வாயில் வராவிட்டாலும் கடையில் நிற்கிற உறவுக்காரர் வாயில் வரும். அங்கேயே, அப்போதே திருத்தணும். பவுலும் எல்லாருக்கும் முன்பாகத்தான் சொன்னான்.

வீட்டில் பெரிய சோதனை கல்யாணத்தில் வரும். வரதட்சணை 1961 சட்டப்படி குற்றம். "நாங்க ஒண்ணும் கேட்கலை, அவங்க பிரியப்பட்டுச் செய்றாங்க" என்று நாம் தப்பிக்கிறோம். மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும் முன்பே, நகைக் கணக்கும் ரொக்கமும் பேச மாட்டோம், கொண்டுவந்தால் வாங்க மாட்டோம் என்று தரகரிடம் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு நடக்காது. நிச்சயத்துக்குப் பிறகு தியாகியாக முயன்றால் ரெண்டு குடும்பத்துக்கும் சங்கடம்தான் மிஞ்சும்.

கடைவீதி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டம்ளர் விஷயம் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ரெண்டு சந்தேகம் மட்டும். ஞாயிறு காலை 6-லிருந்து 8.30 வரை பாலுக்கும் மாவுக்கும் கடை திறப்போம். அது ஓய்வுநாள் மீறலா? அப்புறம், தராசில் முத்திரைத் தேதி போன மாதமே முடிந்திருக்கு, இப்போதுதான் பார்த்தேன். என்ன செய்வது?

பாளை_வேதபாடம் எழுதியது:

ஞாயிறு பற்றிச் சபைகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ரோமர் 14:5-ல் ஒருவன் ஒருநாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் மனதில் நிச்சயித்திருக்கட்டும் என்று இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உபாகமம் 5:14-15-ஐ விட்டுவிடாதீர்கள். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறவேண்டும், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்கிறது. உங்கள் காலை இரண்டரை மணி நேரத்தைவிட, வேலையாட்கள் ரெண்டு பேருக்கும் முழு ஒரு நாள் கிடைக்கிறதா என்பது பெரிய கேள்வி. ஞாயிறு காலையை நீங்களே பார்த்து, அவர்களை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று ஆமோஸ் 8:5. ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து விற்கலாம் என்று காத்திருந்தவர்களைப் பற்றியது. அவர்கள் கடையை ஒழுங்காக மூடினவர்கள்தான்.

நிறைகல் எழுதியது:

தராசுக்கு: முத்திரை ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டு மறுமுத்திரைக்குக் கொண்டுபோங்கள். தேதி தாண்டினதால் கூடுதல் கட்டணம் இருக்கும், கட்டிவிடுங்கள். யாராவது "பார்த்துக்கலாம், தேதியை மட்டும் மாற்றிக்கலாம்" என்று வந்தால் வேண்டாம். கொண்டுபோகும் முன் மூலைச் சோதனை செய்யுங்கள். எண் மாறினால் முதலில் பழுதுபார்க்கணும். முத்திரை போட்ட பிறகு திறந்து பழுதுபார்த்தால் மறுபடியும் முத்திரை வேண்டும், ரெட்டைச் செலவு. அதுவரைக்கும் அந்தத் தராசை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முத்திரை நடப்பில் உள்ள தட்டுத் தராசு இருந்தால் அதில் நிறுங்கள். இல்லை என்றால் ரெண்டு நாளைக்குக் கம்பெனி பாக்கெட் சாமான் மட்டும் விற்கிறோம் என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள்.